எழுதும் நேரம் குறையட்டும், சரிபார்க்கும் நேரம் கூடட்டும்

தமிழ்நாட்டில் வழக்கறிஞர்களையும் தொழில்நுட்பத்தையும் பற்றிப் பேச்செடுத்தால் அது நேராக மின்தாக்கலில் போய் நிற்கிறது. மனுக்களை இணையவழியே தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கலாமா கூடாதா என்பதில் நீதிமன்ற நிர்வாகத்துக்கும் வழக்கறிஞர் சங்கங்களுக்கும் பலமுறை உரசல் வந்திருக்கிறது. பணிப் புறக்கணிப்பும் நடந்திருக்கிறது. அந்த வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், மின்தாக்கல் முதலில் நீதிமன்றத்தின் வசதிக்காக வந்த ஏற்பாடு. ஒரு வழக்கறிஞர் தம் மேசையில் உட்கார்ந்து, தம் கட்சிக்காரருக்காகக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி அதைவிடப் பெரியது. அதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களிலும் பயிலரங்குகளிலும் போதிய அளவு பேசப்படவில்லை. தேடுவதற்கும் எழுதுவதற்கும் ஆகும் நேரத்தைக் கருவிகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. இப்படி மிச்சமாகும் நேரம் சரிபார்ப்பதற்குப் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படிப் போகாத அலுவலகத்தில் கருவி இல்லாமலிருப்பதே கட்சிக்காரருக்கு நல்லது.

முதலில் ஆதாயத்தைப் பார்ப்போம். ஒரு காலத்தில் வழக்கறிஞரின் பலம் அவருடைய அலமாரியில் இருந்தது. சட்ட இதழ்களை ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டித் தோல் அட்டையில் கட்டிவைத்திருந்த சீனியரிடம் இருந்த முன்தீர்ப்புகள், வட்டத் தலைநகரின் முன்சீப் கோர்ட்டில் புதிதாகத் தொழில் தொடங்கிய ஜூனியரிடம் இருக்காது. 2008-இல் வந்த இந்தியன் கானூன் அந்த இடைவெளியை முதலில் உடைத்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சுமார் 34,000 தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் கட்டணமில்லாமல் தேடிப் படிக்கத் திறந்துவிட்டது. இந்திய நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் தட்டினால் வழக்கின் நிலை, அடுத்த வாய்தா, பிறப்பித்த உத்தரவு எல்லாம் வந்துவிடும். முதல் தகவல் அறிக்கையை, சில வகை வழக்குகள் நீங்கலாக, பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. முன்ஜாமீனுக்காக ஓடிவரும் குடும்பத்துக்கு இந்த ஒரு வசதி எவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்தும் என்பது குற்றவியல் பக்கம் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். ஆக, நவீனத் தொழில்நுட்பத்தால் அதிகம் பயன்பெறக்கூடியவர் சென்னையின் பெரிய சட்ட நிறுவனத்தில் இருப்பவர் அல்லர். அறந்தாங்கியிலும் அரூரிலும் தனியாளாகத் தொழில் நடத்துபவர். ஏனென்றால், நிறுவனங்களுக்கு இவையெல்லாம் முன்பே விலைக்குக் கிடைத்துவந்தன.

ஆனால் தேடல் கொண்டுவந்து போடுவது தீர்ப்பின் வாசகத்தைத்தான். அந்தத் தீர்ப்பு இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. மின்னணுச் சாட்சியம் பற்றிய சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-இல் கேரளத் தேர்தல் வழக்கான அன்வர் வழக்கில் அந்த நிலைப்பாட்டை மாற்றி, சான்றிதழ் கட்டாயம் என்றது. 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தளர்வை ரத்துசெய்து, 2014-இன் நிலைக்கே திரும்பியது. இப்போது ஒரு ஜூனியர் தேடுபொறியில் ‘சான்றிதழ் தேவையில்லை’ என்று தட்டினால் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தெளிவாக வந்து நிற்கும். இரண்டும் உண்மையான தீர்ப்புகள். மேற்கோளிலும் பிழை இருக்காது. ஆனால் அவற்றை நம்பி வாதாடினால் வழக்கு அன்றோடு முடிந்துவிடும். போதாக்குறைக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்து 65பி இருந்த இடத்தில் 63-ஆம் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. தேடும் வேலை ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது என்றால், கிடைத்ததைப் பின்வந்த தீர்ப்புகளோடு ஒட்டிப் பார்க்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில் என்ன தடை?

இந்த 63-ஆம் பிரிவைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. தொழில்நுட்ப அறிவு இனி விருப்பப் பாடம் அல்ல என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை. முன்பு ஒரே ஒரு சான்றிதழ் போதுமாக இருந்தது. இப்போது அது இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பாகத்தில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் எண்ணும் எழுத்தும் கலந்த வரிசை. எஸ்.எச்.ஏ.256 என்ற முறையில் எடுத்தால் அது 64 இலக்கம் வரும். கோப்பில் ஒரு நொடிக் காட்சியை வெட்டினாலும், ஒரு எழுத்தை மாற்றினாலும் மொத்த வரிசையும் மாறிவிடும். இதை எடுப்பதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; சில நிமிட வேலை. ஆனால் எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைக்காரரின் கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவியிலிருந்து பென் டிரைவுக்கு நகலெடுத்த அந்த நிமிடத்திலேயே ஹாஷ் எடுத்து, யார் முன்னிலையில் எடுத்தோம் என்று குறித்துக்கொண்டால் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் அது நிற்கும். ஆறு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்த பென் டிரைவிலிருந்து சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் எடுத்தால், இடைப்பட்ட ஆறு மாதமும் கேள்விக்கு உள்ளாகும்.

கட்சிக்காரர் அலுவலகத்துக்கு முதல்முறை வரும்போதே வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்விகளும் இதனால் மாறிவிட்டன. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டுக் கொண்டுவருகிறவரிடம், ‘போன் உங்களிடம் இருக்கிறதா, மாற்றிவிட்டீர்களா, உரையாடல் முழுமையாக இருக்கிறதா’ என்று அன்றைக்கே கேட்டாக வேண்டும். கேமராப் பதிவுக் கருவிகள் சில நாளோ சில வாரமோ கழித்துப் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடுகின்றன. பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி கடைக்காரருக்கோ வங்கிக்கோ பேருந்து நிறுவனத்துக்கோ உடனே ஒரு கடிதம் அனுப்பாவிட்டால், நீதிமன்றம் சம்மன் அனுப்பும் நாளில் அங்கே ஒன்றும் இருக்காது. சான்றிதழ் தர அதிகாரிகள் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் 2020 தீர்ப்பிலேயே வழி இருக்கிறது: தரும்படி எழுதிக் கேட்டு, நீதிமன்றத்திலும் மனுப் போட்டு, தம்மால் இயன்ற எல்லாவற்றையும் செய்துவிட்டவரை அந்தக் குறைக்காகத் தண்டிக்க முடியாது என்று அது சொன்னது. எழுதிக் கேட்டதற்கான ஆதாரம் இருக்க வேண்டும். சான்றிதழே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அன்வர் வழக்கு காட்டுகிறது: அதில் பாட்டும் பேச்சும் பதிவான குறுந்தகடுகள் இருந்தன. சான்றிதழ் இல்லாததால் அவற்றைச் சாட்சியமாகவே ஏற்க முடியாது என்று தீர்ப்பானது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு போலீஸ் சோதனையையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவுசெய்யச் சொல்கிறது; அந்தக் காணொளியும் மின்னணுச் சாட்சியமே என்பதால், ஹாஷ் என்னவென்று தெரியாத எதிரித்தரப்பு வழக்கறிஞர், அரசுத்தரப்பின் மிகப் பலவீனமான இடத்தைக் கேள்வி கேட்காமலே கடந்துபோய்விடுவார்.

உரிமையியல் பக்கத்திலும் இதே கதைதான். சொத்து வாங்குகிறவருக்குச் சட்டக் கருத்துரை எழுதித் தருவது தமிழகத்தில் ஏராளமான வழக்கறிஞர்களின் அன்றாட வருமானம். வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புலப்படம் என்று முன்பு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து வாங்கியவை இன்று திரையில் வந்துவிடுகின்றன. அதனாலேயே ஒரு புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. இணைய வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது, ஆகவே சொத்து சுத்தம் என்று அரை மணி நேரத்தில் கருத்துரை முடிந்துவிடுகிறது. பதிவுசெய்யாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், அனுபவத்தில் இருக்கும் மூன்றாம் ஆளும் வில்லங்கத்தில் வருவதில்லை. கணினியில் ஏறாத பழைய காலத்துப் பதிவுகளுக்குக் கையெழுத்துப் புத்தகத்தைத்தான் தேட வேண்டும். நிலுவையில் இருக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். வழக்கு நடக்கும்போது வாங்கியவரைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். இங்கே இ-கோர்ட்ஸ் தளம் ஒரு நல்ல துணை. விற்பவர் பெயரைப் போட்டு அந்த மாவட்ட நீதிமன்றங்களில் தேடலாம். ஆனால் ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம்; தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் இருக்கும், ஓரிடத்தில் பின்னால் இருக்கும். ஒரு தடவை தேடி ‘பதிவு இல்லை’ என்று வந்ததோடு நிறுத்துகிறவர் கருவியைப் பயன்படுத்தியவர் ஆகமாட்டார். எல்லா எழுத்துக்கூட்டலிலும், தகப்பனார் பெயரிலும், முந்தைய உரிமையாளர்கள் பெயரிலும் தேடிப் பார்த்து, அதற்கு மேல் நிலத்தையும் நேரில் பார்த்துவிட்டு எழுதும் கருத்துரைக்கே கட்சிக்காரர் கொடுக்கும் கட்டணம் தகும்.

செயற்கை நுண்ணறிவுக்கு வரும்போது இந்த வாதம் இன்னும் கூர்மையடைகிறது. 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான இழப்பீட்டு வழக்கில், பயணியின் வழக்கறிஞர்கள் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். சாட்ஜிபிடி புனைந்து கொடுத்தவை அவை. ‘இவை உண்மையான வழக்குகளா’ என்று ஒருவர் அந்தக் கருவியிடமே கேட்டிருக்கிறார்; அது ஆமாம் என்றிருக்கிறது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் இல்லவே இல்லை. அந்த ஆய்வைச் செய்தவர் கட்சிக்காரரே. வழக்கறிஞர் அதைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டார். கைப்பேசியில் எடுத்த பதிலோடு கட்சிக்காரர்கள் வந்து உட்காரும் நம் ஊர் அலுவலகங்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை. இந்தியாவிலும் நடந்திருக்கிறது: பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் தான் பிறப்பித்த ஓர் உத்தரவை, அதில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்ததால் திரும்பப் பெற்றது. இந்த மொழிக் கருவிகள் தீர்ப்புகளைச் சேமித்து வைத்து எடுத்துத் தருபவை அல்ல. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. அதனால் தீர்ப்பைப் போலவே தோன்றும் வாசகத்தை, இதழின் தொகுதி எண், பக்க எண்ணோடு அவற்றால் எழுத முடிகிறது. நீண்ட சாட்சியத்தைச் சுருக்கவும், தேதி வாரியாக நிகழ்வுப் பட்டியல் போடவும், எதிர்வழக்குரையில் பதில் சொல்லாமல் விட்ட பத்தி எதுவென்று கண்டுபிடிக்கவும் அவை நன்றாகவே உதவும். ஏனென்றால் அங்கே மூல ஆவணம் நம் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். முன்தீர்ப்புக்கு அவற்றை நம்பக் கூடாது. எந்த மேற்கோளையும் நீதிமன்றத்தின் தளத்தில் திறந்து முழுமையாகப் படிக்காமல் மனுவில் சேர்க்கக் கூடாது.

தமிழ் வழக்கறிஞர்களுக்கென்று தனியாக ஒரு பெரிய பயன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் பத்திரங்களும் தமிழில் இருக்கின்றன. உயர் நீதிமன்றமோ அரசமைப்பின் 348-ஆம் கூறின்படி ஆங்கிலத்தில் நடக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நிலைமை மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் கட்டுக் கட்டாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு முழுக்கக் கட்சிக்காரர் தலையில் விழுகிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. பொதுச் சந்தையிலும் இன்று பல கருவிகள் தமிழை ஓரளவு நன்றாகவே கையாளுகின்றன. முதல் வரைவை அவற்றிடம் வாங்குவது சரி. ஆனால் நம் பத்திரங்களில் நான்கெல்லை எழுதும் முறையைப் பாருங்கள். இன்னாரின் நஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று எழுதினால் வழக்குச் சொத்து அந்த நஞ்சைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். இயந்திரம் அதை, கிழக்கு எல்லை இன்னாரின் நஞ்சை என்று ஆங்கிலத்தில் புரட்டிப் போட்டால் நிலமே இடம் மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பைப் படிக்கும் சென்னை வழக்கறிஞருக்கு அதில் தவறு தெரியாது. வாக்கியம் சரளமாகவே இருக்கும். புலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிற ஆள் அந்த ஊரில்தான் இருப்பார். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில், இயந்திர மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்த்தாக வேண்டும் என்று சொல்லியிருப்பது மிகச் சரியான விதி. நம் உயர் நீதிமன்றமும் வழக்கறிஞர் மன்றமும் அதைப் பின்பற்றலாம்.

இரகசியக் காப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமையைப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு விதிக்கிறது. மொழிபெயர்த்துச் சொல்பவர், குமாஸ்தா, அலுவலக ஊழியர் ஆகியோரையும் அது கட்டுப்படுத்துகிறது. எங்கோ வெளிநாட்டில் சர்வர் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு மணவிலக்கு வழக்கின் மருத்துவ அறிக்கையையோ, போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தையோ இலவசச் செயலியில் ஏற்றிச் சுருக்கித் தரச் சொல்வது, அந்தக் கடமையைத் தன் கையாலேயே உடைப்பதாகும். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிய பிறகே எதையும் வெளிக் கருவியில் ஏற்ற வேண்டும். நீக்க முடியாததை ஏற்றவே கூடாது.

எதிர்வாதங்களில் கனமானது மூத்தவர்கள் சொல்வது. தீர்ப்புகளைப் புரட்டித் தேடும்போது வழியில் பத்து வேறு தீர்ப்புகளைப் படித்தோம், அப்படித்தான் சட்டம் கற்றோம். தட்டினால் பதில் வரும் தலைமுறை எதைக் கற்கும் என்கிறார்கள். இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஜூனியருக்கு முதலில் கொடுக்கப்படும் வேலை தேடலும் வரைவும்தான். இரண்டையும் இயந்திரம் எடுத்துக்கொண்டால் பயிற்சிக்கு இடமே இல்லாமல் போகும். ஆனால் பழைய முறையில் ஜூனியர்கள் பல பேர் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்குவதிலும் நகல் மனுப் போடுவதிலுமே காலம் கழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பைப் பயிற்சியாக்கலாம். இயந்திரம் தந்த வரைவில் பிழை கண்டுபிடி, இந்தத் தீர்ப்பு இன்றும் நிலைக்கிறதா என்று பார், இதில் நீதிபதி தீர்மானித்த கருத்து எது, போகிற போக்கில் சொன்னது எது என்று பிரித்துக் காட்டு என்று சீனியர் கேட்டால், தேடி எடுப்பதைவிடக் கூடுதலாகவே படிக்க நேரும். அப்படிக் கேட்கச் சீனியருக்கு நேரம் வேண்டும். கருவி மிச்சப்படுத்தித் தருவது அந்த நேரத்தைத்தான்.

மின்தாக்கல் எதிர்ப்பில் உள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. இணையத்தில் ஏற்றிய பிறகு அதையே அச்சிட்டும் கொடு என்றால் வேலை இரட்டிப்பாகிறது. தளம் முடங்கும் நாளில் காலவரம்பு முடிந்துபோனால் இழப்பு கட்சிக்காரருக்கு. வட்ட நீதிமன்றங்களில் நம்பகமான இணைப்பும் ஸ்கேனரும் உதவியாளரும் தருவது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதைச் செய்யாமல் கட்டாயப்படுத்துவது தவறு. குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் பிழைப்புப் போய்விடுமோ என்று அஞ்சுவதும் வெறும் பிடிவாதம் அல்ல. கட்டின் எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை இல்லாவிட்டால் மனு திரும்பும் என்று தெரிந்த குமாஸ்தாவுக்கு ஸ்கேன் செய்யவும் ஹாஷ் எடுக்கவும் கற்றுக்கொடுத்தால், அவரைப் போல் பயன்படும் ஆள் அந்த அலுவலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் தளத்தில் குறை இருக்கிறது என்பதற்காகத் தம் மேசையில் உள்ள கருவிகளையும் வழக்கறிஞர்கள் தள்ளிவைத்தால் இழப்பு அவர்களுக்கே. 2023 அக்டோபரில் எந்த உயர் நீதிமன்றமும் காணொளி விசாரணை வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ராமநாதபுரத்து வழக்கறிஞர் தம் வழக்கைத் தம் அலுவலகத்திலிருந்தே உயர் நீதிமன்றத்தில் நடத்த வழி பிறந்திருக்கிறது. சாட்சியின் குறுக்கு விசாரணையை நேரில் நடத்துவதே நல்லது. ஆனால் சட்ட வாதத்துக்காக மட்டும் ஒரு நாளையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவழிக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டியதைச் சங்கங்கள் உரக்கக் கேட்கட்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரைத் தமிழ் எழுத்தில் தேடும் வசதி, பல எழுத்துக்கூட்டல்களையும் ஒருசேரக் காட்டும் வசதி, மாவட்டந்தோறும் மின்னணுச் சாட்சியத்துக்குக் குறைந்த கட்டணத்தில் நிபுணர் சான்றளிக்கும் ஏற்பாடு, தீர்ப்பு ஒன்று பின்னர் ரத்தானால் அதன் முகப்பிலேயே அதைக் குறிக்கும் வழக்கம் ஆகியவை வந்துவிட்டால் சிறு ஊர் வழக்கறிஞரின் சரிபார்ப்பு வேலை பாதியாகக் குறையும். தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றம் புதிதாகப் பதிவுசெய்பவர்களுக்கு 63-ஆம் பிரிவுச் சான்றிதழை நிரப்பவும், மேற்கோளைச் சரிபார்க்கவும் செய்முறைப் பயிற்சி தரலாம். மனுவோடு சேர்த்து, இதில் உள்ள ஒவ்வொரு முன்தீர்ப்பையும் மூலத்தில் படித்துச் சரிபார்த்தேன் என்று வழக்கறிஞர் கையெழுத்திடும் ஒரு பத்தியை உயர் நீதிமன்றம் தன் விதிகளில் சேர்க்கலாம். அதற்கு எந்த மென்பொருளும் எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.